சோணையும் மடலும்

"ஏம்மா, உங்க ஊர்ல இதுக்கெல்லாம் டாக்டர் இருக்காங்களா, இல்ல அறுந்தா அறுந்ததுதான்னு விட்டுருவீங்களா?"

மதுரையில் என் மச்சாளின் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை கேட்டது. கையில் நான் கொடுத்த அம்மாவின் பழைய படம். இடப்பக்கச் சோணை இரண்டு நாக்காகப் பிரிந்து கிடக்கிற படம். அத்தை போன வருசம்தான் தன் அறுந்த காதைத் தைத்துக்கொண்டவர், அதனால் கண் நேரே அங்கே போய்விட்டது. நல்ல மனுசி. போதும் போதும் என்னச் சாப்பாடு போட்டவர். ஆனாலும் அங்கே நின்ற பதினொரு நாளும் அந்தக் கேள்வி எனக்குச் செமிக்கவில்லை.

'சோணை' என்றால் அவருக்கு விளங்கவில்லை. அங்கே மேலிருந்து கீழ்வரை எல்லாமே 'காது மடல்'. தோடு தொங்குகிற சதைக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்துப் புழங்குகிற சனம் அதைத் தைக்காமல் விடுமா? எங்கள் தோடு அவருக்குக் கம்மல், சுரை திருகாணி. "அம்மாவுக்கு இழை போட்டது" என்றபோது "நூலா?" என்று கேட்டார். தையலைத்தான் சொன்னேன் என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

காது விசயத்தில் மதுரைப் பக்கத்துக்குப் பெரிய சரித்திரம் உண்டு, மறுக்கவில்லை. பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோள்வரை வளர்த்த காதுகள் அவை. காலம் மாறியதும் வளர்த்ததை வெட்டிச் சின்னதாக்கித் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அத்தையின் மாமியார் அப்படிச் செய்தவராம். பல் வைத்தியம் படிக்கிற ஒரு தம்பி, சுசுருத சங்கிதையில் காது ஒட்டுவதற்கு 15 வழி இருக்கிறது என்று எடுத்துவிட்டார். இருக்கிறதுதான். ஆனால் சுசுருதரைக் காசியோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். காசி எங்கள் பக்கத்து மானிப்பாய்க்கும் தூரம், மதுரைக்கும் தூரம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் பின்னாளில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்ததையும், அவருடைய 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்ததையும் சொன்னேன். தம்பி பேசவில்லை. பசியாகவும் இருக்கலாம்.

சாமான் வாங்கப் போன தெருவில் ஒரு பலகை கண்டேன்: 'தையல் இல்லாமல் காது ஓட்டை அடைக்கப்படும்'. மாப்பிள்ளையின் தங்கை உள்ளே போனா, நானும் போனேன். நீண்டுபோன துளையின் உள்விளிம்பில் குச்சி நுனியால் ஏதோ திராவகம் தொட்டு வைத்தார்கள். தோல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தது. மேலே ஒரு பிளாஸ்டர். பொருக்கு விழுந்ததும் மறுபடி வரச் சொன்னார்கள். தோல் வைத்தியர்களும் இப்படி அமிலம் பாவிப்பதுண்டு, பெருத்த துளைக்கு அது சரிவரலாம். அடிவரை அறுந்த சோணைக்கு உதவாது. இரண்டு விளிம்பிலும் தோல் மூடி ஆறியிருக்கும். அதைச் சீவி இரத்தம் காட்டினால்தான் ஒன்றோடொன்று பிடிக்கும். கத்தி பிடிக்கத் தெரிந்தவரின் வேலை அது. எங்கள் ஊரில் இப்படிப் பலகை நான் கண்டதில்லை. எல்லாத் தெருவுக்கும் நான் போனதுமில்லை.

அம்மாவின் காது அறுந்தது 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது. நாவற்குழிப் பாலத்துச் சன நெரிசலில், இடுப்பிலிருந்த என் தம்பி விழாமல் இருக்கத் தோட்டைப் பிடித்துவிட்டான். தோட்டைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சோணையை விரலால் நெரித்துப் பிடித்தபடி அம்மா கைதடிவரை நடந்தா. அதன்பிறகு எட்டு வருசம் அது அப்படியே கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கை கால் போனவர்கள் கிடக்கிறபோது, காதைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்க அம்மாவுக்கு வெட்கம்.

சண்டை ஓய்ந்திருந்த 2003இல் பெரியாஸ்பத்திரியில் தைத்தார்கள். விறைப்பூசி போட்டு, விளிம்பைச் சீவி, முன்னால் மூன்று இழை, பின்னால் இரண்டு. நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கி அடியில் பள்ளம் விழுமென்று, கோட்டை ஒரு முறிப்பு முறித்துத் தைத்தார் டொக்டர். ஏழாம் நாள் இழை வெட்டினது. ஒரு சதம் கட்டவில்லை. (மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் காசில்லையாம். அத்தை அங்கே போகவில்லை.) மூன்று மாதம் கழித்து, தழும்பைவிட்டுத் தள்ளிப் பத்தர் புதுத் துளை குத்தினார். அது ஆறும்வரை வேப்பம் ஈர்க்குத்தான் அம்மாவின் தோடு.

இதெல்லாம் அத்தைக்குச் சொன்னேனா? "இருக்கினம் அன்ரி" என்றதோடு சரி. இரவு அம்மாவுக்குப் போன் எடுத்துத்தான் கொதித்தேன். அம்மா முழுக்கக் கேட்டா.

"அவவுக்கு எந்தப் பக்கம் அறுந்தது?"

"ரெண்டும்."

"ரெண்டுமோ? பாவம். எனக்கு ஒண்டுதானே."