மானமும் தன்மோகமும்: பாஞ்சாலங்குறிச்சிக் கதையாடல்களில் வளர்ப்பு, பதவி, ஆளுமை

ஆய்வுச் சுருக்கம்

வளர்ப்பு முறை தன்மோக ஆளுமையை உருவாக்குகிறது. அவ்வாளுமை தனக்கு உகந்த தொழிலைத் தேர்ந்துகொள்கிறது. உளவியலில் வலுப்பெற்றுள்ள இக்கருத்து இலக்கிய மாந்தரையும் வரலாற்று மாந்தரையும் மதிப்பிடும் கருவியாகவும் பயன்படுகிறது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டியக் கட்டபொம்மனையும் அவர் தம்பி ஊமைத்துரையையும் பற்றிய ஆவணங்கள், வாய்மொழி மரபு, திரைப்படம் ஆகியவற்றை முன்வைத்து அக்கருவியின் பொருத்தத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. செருக்கு எனப் பதிவானது தனிமனித இயல்பைவிடப் பதவியின் இயல்பையே காட்டுகிறது என்பதும், தன்னை நோக்கும் கண்ணாடியைக் கட்டபொம்மனுக்குக் கொடுத்தவை பிற்காலக் கலைவடிவங்களே என்பதும் கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: தன்மோகம், பெருமிதம், மானம், பாளையக்காரர், கட்டபொம்மன், ஊமைத்துரை

முன்னுரை

கட்டபொம்மனைப் பற்றிய தமிழ் எழுத்துகள் இரு துருவங்களில் நிற்கின்றன. ம.பொ.சி. எழுதிய வரலாறு அவரை விடுதலை வீரராக நிறுவியது. தமிழ்வாணனின் நூல் தலைப்பிலேயே அவரைக் கொள்ளைக்காரன் என்றது. முடிவில் எதிரெதிரானவை எனினும், இவ்விரண்டும் வரலாற்றின் விசையை ஒரு மனிதரின் குணத்தில் தேடுகின்றன. அக்குணம் ஒருவருக்கு வீரம், மற்றவருக்குப் பேராசை. இன்றைய உளவியல் சொல்லாட்சி இவ்வரிசையில் தன்மோகம் என்னும் மூன்றாம் பெயரைச் சேர்க்க இடமளிக்கிறது. பெயர் புதிது எனினும் தேடும் இடம் பழையதே. எனவே அப்பெயர் இங்குப் பொருந்துமா என்பதை முதலில் ஆராய வேண்டியுள்ளது.

தன்மோகக் கோட்பாட்டின் இரு தூண்கள்

சிக்மண்ட் ஃபிராய்டு 1914இல் தன்மோகம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஹைன்ஸ் கோஹுட் 1971இல் அதனைக் குழந்தை வளர்ப்போடு இறுகப் பிணைத்தார். குழந்தைக்குத் தன் பெருமையைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாகப் பெற்றோர் தேவை. வியந்து பற்றிக்கொள்ளும் இலட்சிய உருவாகவும் அவர்கள் தேவை. இவ்விரு தேவைகளும் உரிய முறையில் நிறைவேறாதபோது தன்மதிப்பு பிறழ்கிறது என்பது அவர் கருத்து. 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு, தன்மோக ஆளுமைக் கோளாற்றைத் தனி வகையாக ஏற்றது.

வளர்ப்பு என்னும் முதல் தூணுக்கு நெதர்லாந்தில் 565 குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வு வலுச்சேர்த்தது. பிற குழந்தைகளைவிடத் தம் குழந்தை உயர்ந்தது என்று பெற்றோர் மிகையாக மதிப்பது தன்மோகத்தையும், அவர்கள் காட்டும் அன்பு இயல்பான தன்மதிப்பையும் வளர்ப்பதாக அது கண்டது. தொழில்தேர்வு என்னும் இரண்டாம் தூணுக்கு, அமெரிக்கப் பொழுதுபோக்குத் துறையினர் 200 பேரைக் கொண்டு யங், பின்ஸ்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். புகழ்வாணரிடம் தன்மோக அளவு பொதுமக்களைவிட மிகுந்திருந்தது. ஆனால் துறையில் கழித்த ஆண்டுகளுக்கும் அந்த அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. தொழில் அவ்வியல்பை உருவாக்கவில்லை, அவ்வியல்புடையோரே அத்தொழிலை நாடுகின்றனர் என்னும் முடிவுக்கு இது இடந்தந்தது.

இரு தூண்களும் ஒரு சமூக நிலையை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன. குழந்தை தனியனாக வளர வேண்டும். வளர்ந்தபின் தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றிருக்க வேண்டும். பாளையக்காரர் மரபில் இவ்விரண்டும் இல்லை.

தேர்வில்லாத பதவி

கட்டபொம்மன் என்பது தனியொருவரின் பெயரன்று, குடிவழிப் பட்டம். முன்னோரும் தந்தை செகவீரபாண்டியனும் அப்பட்டத்தையே தாங்கினர். 1760இல் பிறந்தவர் 1790இல் பட்டமேற்றபோது ஒரு தொழிலுக்குள் நுழையவில்லை, ஒரு பெயருக்குள் நுழைந்தார். முயலொன்று வேட்டைநாய்களை எதிர்த்து விரட்டிய மண்ணில் கோட்டை எழுந்தது என்னும் தோற்றத் தொன்மமும் இக்கருத்தை உறுதிசெய்கிறது. அத்தொன்மத்தில் வீரம் மண்ணின் பண்பாகிறது. ஆள்பவர் அம்மண்ணுக்குக் கடன்பட்டவராகிறார். இங்கு மிகையாக மதிக்கப்படுவது குழந்தையன்று, பட்டமே. பட்டத்தின் பெருமையைத் தன் பெருமையாகக் கொள்வதும், தன் பெருமைக்குப் பட்டத்தைக் கருவியாக்குவதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை 1798ஆம் ஆண்டின் இராமநாதபுரச் சந்திப்பு தெளிவாகக் காட்டுகிறது. ஆர்க்காட்டு நவாபோடு 1792இல் செய்த உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் பேஷ்குஷ் தண்டும் உரிமையைக் கும்பினி பெற்றிருந்தது. நிலுவையைக் காரணம் காட்டி அழைத்த கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராகத் தம்மைப் பின்தொடர வைத்தார். இறுதியில் இராமநாதபுரத்தில் சந்தித்தபோது இருக்கை தராமல் நிற்க வைத்து விசாரித்தார். வெளியேற முயன்றபோது எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

ஆவணங்கள் இதன்பின் சொல்வதே திறனாய்வுக்கு மிக முதன்மையானது. கும்பினி அமைத்த விசாரணைக் குழு ஜாக்சனின் நடத்தையைக் குறைகண்டது, அவர் பதவியிழந்தார். அவரிடத்தில் லூஷிங்டன் அமர்ந்தார். ஆள் மாறியும் மோதல் மாறவில்லை. 1799 செப்டம்பரில் பானர்மன் படை கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மோதலின் வேர் ஜாக்சனின் ஆணவமாக இருந்திருப்பின், அவர் நீக்கத்தோடு அது தணிந்திருக்கும். காவல் உரிமையாலும் படையாலும் நின்ற பாளையமும், வரியாலும் ஆணையாலும் நின்ற கும்பினியும் ஒரே நிலத்தில் இரு பதவிகளாக மோதின. ஆளுமை விளக்கம் தோல்வியுறும் இடம் இதுவே.

ஒரு வீடு, இரு ஆளுமைகள்

வளர்ப்பே ஆளுமையை முடிவுசெய்யும் என்னும் கருத்துக்கு ஊமைத்துரை தடையாக நிற்கிறார். அதே வீட்டில் வளர்ந்த அவர் பேச்சாற்றல் குன்றியவர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பி, அவ்வாண்டு மே மாதம் வரை கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். அப்போரில் எதிரணியில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் அவரை வியப்போடு பதிவுசெய்கிறார். துரும்புகளை உள்ளங்கையில் அடுக்கி ஆங்கிலேயராகக் காட்டி, மறுகையால் துடைத்தெறிவதே அவருடைய போர்முழக்கம். கோட்டை வீழ்ந்தபின் களத்தில் மகனைத் தேடிவந்த தாயிடம், உயிர் பிரியும் நிலையிலிருந்த அம்மகன், தன்னை விட்டு அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காக்குமாறு வேண்டினான் என்றும், அம்மையில் இறந்தவர் உடல்போல் மூடி அவரைக் கொண்டுசென்றனர் என்றும் வெல்ஷ் எழுதுகிறார்.

தன்னைப் பற்றி உரையாற்றவே இயலாத ஒருவர் இத்தகைய பற்றைப் பெற்றது சிந்திக்கத்தக்கது. கோஹுட்டின் சொற்களில் கூறுவதாயின், மக்கள் அவரை இலட்சிய உருவாக ஏற்றனர். அவரோ அவர்களைக் கண்ணாடியாக்கவில்லை. பிறர் துயரை உணராமை தன்மோகத்தின் அடையாளங்களுள் ஒன்று. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிப் படை தூத்துக்குடியைக் கைப்பற்றியபோது சிறைப்பட்ட ஆங்கிலத் துறைமுக அலுவலர், அவர் மனைவியின் வேண்டுகோளால் விடுவிக்கப்பட்டதாகக் கால்டுவெல் கூறும் செய்தி அவ்வடையாளத்தை மறுக்கிறது.

பெருமிதமும் தன்னை வியத்தலும்

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கை நிலைக்களன்களாக்குகிறது. இவற்றுள் புகழும் கொடையும் பிறரின்றி நிகழா. திருக்குறளோ மானத்துக்குத் தனி அதிகாரம் வகுத்து, தன்னை வியந்துகொள்வதைக் குற்றங்கடிதலில் வைக்கிறது. நிமிர்ந்து நிற்றல் ஒன்றே. அது யார்பொருட்டு என்பதே மரபு எழுப்பும் வினா.

கட்டபொம்மனின் இறுதி நேரம் குறித்துப் பானர்மன் அனுப்பிய அறிக்கையை இவ்வினாவோடு படிக்கலாம். எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரரை அவர் இகழ்ச்சியோடு நோக்கினார் என்பது முதற்செய்தி. இதை மட்டும் கொண்டால் செருக்கு என்னும் தீர்ப்பு எளிது. வழியில் பேச இயலாத தம்பியைப் பற்றி மட்டுமே கவலை தெரிவித்தார் என்பதும், கோட்டையைக் காத்து அங்கேயே மடியாமல் வெளியேறியதற்கு மரத்தடியில் வருந்தினார் என்பதும் அதே அறிக்கையின் அடுத்த செய்திகள். ஒன்று பிறர்மீதான அக்கறை, மற்றொன்று தன் பிழையின் ஏற்பு. இரண்டையும் தன்மோகத்தின் சட்டகத்துள் அடக்க இயலாது. எதிரியின் கையெழுத்தில் கிடைப்பதால் இச்சான்றின் மதிப்பு மிகுகிறது.

திரை கொடுத்த கண்ணாடி

அவ்வாறாயின், கட்டபொம்மன் என்றவுடன் தமிழ் மனத்தில் எழும் உரத்த ‘நான்’ எங்கிருந்து வந்தது? சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் உரையாடலோடு மேடையில் நடிக்கப்பட்டு, பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1959இல் வெளிவந்த திரைப்படம் அதற்குப் பெரும் காரணம். வரலாற்றில் நிற்க வைத்து அவமதிக்கப்பட்டவர் திரையில் நீள்பேச்சால் ஜாக்சனை வெல்கிறார். இழந்த மதிப்பைச் சொல்லால் மீட்டுத் தருவது இக்காட்சியின் கலைப்பணி. அப்பேச்சைப் பள்ளி மேடைகளில் ஒப்பித்து வளர்ந்த தலைமுறைகள் அதில் தம்மையே கண்டன. கண்ணாடி கட்டபொம்மனிடம் இல்லை, பார்வையாளரிடமே இருந்தது.

வளர்ப்பும் தொழில்தேர்வும் உண்மையில் சந்திக்கும் இடமும் இதுவே. சிறுவயதில் கண்ட கட்டபொம்மன் கூத்தே நடிப்பின்பால் தம்மை ஈர்த்தது எனச் சிவாஜி கணேசன் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். இங்குத் தொழில்தேர்வைத் தூண்டியது தன்மீதான மோகமன்று, பிறிதோர் உருவின்மீதான வியப்பு. அவ்வேடத்துக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்ற அவர், பின்னர்க் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பியது அவ்வியப்பின் தொடர்ச்சி. புகழை நாடுவோர் அனைவரும் தன்மோகத்தால் உந்தப்படுவோர் என்னும் பொதுமைக்கு இது ஒரு விலக்கு.

திரைப்படத்தில் ஓ.ஏ.கே. தேவர் ஏற்ற ஊமைத்துரை அண்ணனின் நிழலிலேயே நிற்கிறார். பேசுபவரை மையமாக்கும் கலை பேசாதவரை ஓரத்தில் நிறுத்துவது இயல்பு. அதன் விலை, இரண்டாம் போர் பொதுநினைவில் மங்கியதே.

முடிவுரை

தன்மோகக் கோட்பாட்டைக் குற்றப்பத்திரிகையாக்கினால் பேஷ்குஷ், காவல் உரிமை, பட்டமரபு ஆகிய வரலாற்றுக் காரணிகள் ஒரு மனிதரின் குறைபாடாகச் சுருங்கிவிடும். அடங்காதவர் என்னும் கும்பினி ஆவணத்தின் சொல்லுக்கு அறிவியல் மேலாடை அணிவிப்பதே அதன் விளைவாகும். மாறாக, அக்கோட்பாட்டை ஏற்புநிலை ஆய்வுக்குப் பயன்படுத்தினால், ஒரு சமூகம் தன் அவமதிப்பை எவ்வுருவில் ஈடுசெய்கிறது என்பதை அது காட்டும். 1974இல் தமிழ்நாடு அரசு பாஞ்சாலங்குறிச்சியில் எழுப்பிய நினைவுக் கோட்டைக்கு வருவோர் திரையில் கேட்ட குரலைத் தேடியே வருகின்றனர். குரலின்றி அம்மண்ணைக் காத்தவரின் கதையையும் அவர்களிடம் சேர்ப்பது இனிவரும் கட்டபொம்மன் ஆய்வுகளின் கடமையாகும்.