கிருஷ்ணன் இராகவாச்சாரியின் ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

கிருஷ்ணன் இராகவாச்சாரி சென்னையில் பிறந்த கணக்கீட்டு வேதியியலாளர். சென்னை ஐ.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் போப்பிளிடம் (1998 நோபல் பரிசு) ஆய்வு செய்தார். பெல் ஆய்வகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றியபின் 2002-இல் இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இவரது ஆய்வுத் தாக்கத்தை எண்ணிப் பார்ப்பவர் முதலில் தடுக்கி விழுவது பெயரில்தான். 1980-இல் வெளிவந்த கட்டுரையில் இவர் நம்மூர் முன்னெழுத்து வழக்கப்படி ‘ஆர். கிருஷ்ணன்’. பின்னர் வந்தவற்றில் ‘கே. இராகவாச்சாரி’. இருவரும் ஒருவரே என்பதை அறியாத மாணவர் பலர். அந்த 1980 கட்டுரை தந்ததே 6-311ஜி என்னும் அடிப்படைச் சார்புத் தொகுதி. அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை மூன்று அடுக்குச் சார்புகளால் விவரிப்பது இது. மதுரை வில்லாபுரத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் போகும் முதுநிலை மாணவர், காசியன் மென்பொருளில் ஒரு மூலக்கூற்றின் ஆற்றலைக் கணக்கிட்டால் பெரும்பாலும் இதையோ இதன் உறவினரையோதான் தட்டச்சு செய்வார்.

1989-இல் டிரக்ஸ், போப்பிள், ஹெட்-கார்டன் ஆகியோருடன் எழுதிய கட்டுரை சிசிஎஸ்டி(டி) முறையை அளித்தது. மூன்று எலக்ட்ரான்கள் சேர்ந்து கிளர்வுறுவதன் பங்கை, முழுமையாகத் தீர்க்காமல், கடைசியில் ஒரே ஒருமுறை மதிப்பிட்டுச் சேர்ப்பதே இதன் உத்தி. அப்படியும் மூலக்கூறு இரு மடங்கானால் கணக்கு வேலை 128 மடங்காகும். துறையில் இதனைப் ‘பொன் தரம்’ என்கிறார்கள். அந்தப் புகழ்மொழி சற்று மயக்கம் தருவது. பிணைப்பு நீண்டு அறுபடும் நிலையில் இம்முறை தவறான விடை தரும். சில இடைநிலை உலோகச் சேர்மங்களிலும் நம்ப முடியாது.

கர்ட்டிஸ் முதலியோருடன் உருவாக்கிய ஜி1, ஜி2, ஜி3, ஜி4 முறைகள் வெப்பவேதியியலைச் சார்ந்தவை. ஜி2 (1991), 125 சோதனை மதிப்புகளிலிருந்து சராசரியாக மோலுக்கு 1.21 கிலோகலோரி மட்டுமே விலகியது. அறை வெப்பநிலையில் சுமார் 1.4 கிலோகலோரிப் பிழையே சமநிலை மாறிலியைப் பத்து மடங்கு மாற்றிவிடும் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஆயினும் இம்முறைகளில் சோதனை மதிப்புகளுக்கு ஏற்பப் பொருத்திய ஒரு திருத்த எண் உண்டு. கொள்கைத் தூய்மை பேசுவோருக்கு அது உறுத்தல். அந்த உறுத்தல் நியாயமானதே.

இவரது ஆய்வுகளில் போதிய அளவு பேசப்படாதது சிலிக்கான் பற்றியது. ஐதரோபுளோரிக் அமிலத்தால் கழுவிய சிலிக்கான் பரப்பில் புளோரினே ஒட்டியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. சிலிக்கான்–புளோரின் பிணைப்பு அத்தனை வலியது. ஆனால் சோதனையில் தென்பட்டது ஐதரசன். 1990-இல் டிரக்ஸ், இகாசி, சபால் ஆகியோருடன் இவர் செய்த கணக்கு காரணத்தைக் காட்டியது. புளோரின் ஒட்டியதும், அந்தச் சிலிக்கானை அடியிலுள்ள அணுவுடன் இணைக்கும் பிணைப்பு முனைவுறுகிறது. அமிலம் அதைத் தாக்கி உடைக்கிறது. புளோரினைத் தாங்கிய சிலிக்கான் கழன்று கரைசலில் போய்விட, எஞ்சிய அணுக்களில் ஐதரசன் நிற்கிறது. வலிய பிணைப்பே வெல்லும் என்ற பாடநூல் எதிர்பார்ப்பு இங்கே செல்லவில்லை. வினை வேகமே முடிவு செய்தது. மின்னணுச் சில்லுத் தயாரிப்பில் பரப்பைத் துப்புரவாக்கும் படிநிலைக்கு நேரடித் தொடர்புடைய விளக்கம் இது.