தொடக்கப் பாடத்திற்குப் பின் எதைப் பயில்வது? சபை இசையாளரின் பயிற்சி குறித்து ஒரு திறனாய்வு

பியானோவின் தொடக்க நூலை முடித்த ஓர் இளைஞர் அடுத்து எந்த உருப்படியைப் பயிலவேண்டும் என்பது இசையாசிரியரின் கவலையேயன்றிப் போதகரின் கவலை அன்று என்று சிலர் கருதக்கூடும். வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் ஊழியஞ்செய்த எவரும் அவ்வாறு கருதார். இங்குள்ள சிறு சபைகளில் கருவி வாசிப்போர் பலர், காலணித் தொழிற்சாலையில் பகல் முழுதும் உழைத்துவிட்டு இரவில் அரைமணி நேரம் கட்டைகளின்முன் அமர்கின்றவர்கள். அந்த அரைமணி நேரத்தில் எது பயிலப்படுகிறதோ அதுவே இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ஞாயிறு ஆராதனையில் ஒலிக்கும்.

பல ஆண்டுகளுக்குமுன் ஆம்பூரை அடுத்த ஒரு சபையில் நாம் நடத்திய அடக்க ஆராதனை ஒன்று நினைவிற்கு வருகிறது. மூன்றாம் நிலைத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பெண்பிள்ளை ஒருத்தி ஆர்மோனியத்தில் இருந்தாள். வீட்டார் கேட்ட ஞானப்பாட்டை முதல் வரி வலக்கையால் மட்டும் வாசித்தாள். இரண்டாம் வரியில் இடக்கையைச் சேர்க்க முயன்றாள். மூன்றாம் வரியில் நிறுத்திவிட்டாள். சபையார் தாமே பாடி முடித்தனர். அவள்மேல் குற்றமில்லை. மூன்று ஆண்டுகளில் அவள் பயின்றவை ஒன்பது உருப்படிகள். அவற்றுள் ஒன்றேனும் நான்கு குரல்களில் அமைந்ததன்று.

தேர்வு வழியை நாம் பழிப்பதற்கில்லை. டிரினிட்டி போன்ற அமைப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நடத்திவரும் தேர்வுகள் நம் பிள்ளைகளுக்குச் சுரம் படிக்கவும் காலப்பிரமாணம் காக்கவும் கற்றுத்தந்துள்ளன. ஆயினும் ஓராண்டு முழுவதும் மூன்று உருப்படிகளையே மெருகேற்றும் பழக்கம், புதிய தாளைக் கண்டதும் வாசிக்கும் திறனை வளர்ப்பதில்லை. சபை இசையாளருக்கோ அத்திறனே அன்றாட உணவு.

தொடக்க நூலுக்குப்பின் ஆசிரியர்கள் வழக்கமாகக் கொடுப்பவை செர்னியின் பயிற்சிகளும், கிளமென்டி 1797-ல் வெளியிட்ட ஆறு சொனட்டினாக்களும் ஆகும். இவை நல்ல இசையே. ஆனால் சொனட்டினாவில் இடக்கை பெரும்பாலும் வலக்கைக்குப் பணிவிடை செய்கிறது. சுரக்கூட்டைச் சிதறவைத்துப் பின்னணி தருகிறது. ஞானப்பாட்டில் இடக்கையின் அடிக்குரல் தன் காலில் நடக்கும் தனிப்பாடகன். முன்னதில் எத்தனை தேர்ச்சி பெற்றாலும் பின்னது தானாக வந்துவிடாது. புர்க்முல்லரின் 25 பயிற்சிகள் (ஓபஸ் 100) இவற்றினும் இனியவை. எனினும் விரலின் அழுத்தத்தால் ஓசை பெருகிக் குறைவதையும், காலால் மிதித்து ஓசையை நீடிக்கவிடுவதையும் சார்ந்தே அவற்றின் அழகு நிற்கிறது. துருத்தி மிதிக்கும் பழைய ஆர்மோனியத்தில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அங்கே ஒரு சுரத்தை விடாமல் அடுத்ததைப் பற்றும் விரலே வேண்டும்.

மின் விசைப்பலகையின் பொத்தானை அழுத்தித் தாளத்தையும் பின்னணியையும் ஓடவிடும் வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சபை மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அந்தப் பொத்தான் நிற்பதில்லை.

அப்படியாயின் எதைத் தெரிந்துகொள்வது? ராபர்ட் ஷூமன் 1848-ல் தம் மூத்த மகளின் ஏழாம் பிறந்தநாளை முன்னிட்டு எழுதத் தொடங்கிய ‘இளையோர் தொகுப்பு’ (ஓபஸ் 68) 43 உருப்படிகள் கொண்டது. முதல் 18 சிறியோருக்கு. எஞ்சியவை சற்று வளர்ந்தோருக்கு. இதன் நான்காம் உருப்படி ஒரு கோரல்: நான்கு குரல்கள், நிதானமான நடை, எவ்வித அலங்காரமும் இல்லை. அதே கோரல் 42-ம் உருப்படியாகத் திரும்ப வருகிறது. இம்முறை மெட்டைச் சுற்றி உட்குரல்கள் இடைவிடாது அசைகின்றன. தொடக்க நூலை முடித்தவர் முதலாவதை இன்றே எடுக்கலாம். இரண்டாவதை அடைய இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். ஒரு பாடத்திட்டம் முழுவதையும் இவ்விரண்டுக்கும் இடையில் அமைத்துவிடலாம் என்பது நமது துணிபு.

அந்த மெட்டின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1551-ல் ஜெனீவாவில் 42-ம் சங்கீதத்திற்கென வெளியான மெட்டு அது. கால்வினின் சபையில் பிறந்ததை லுத்தரன் சபையார் தமதாக்கிக்கொண்டனர். பாக் தம் கான்டாட்டாக்கள் பலவற்றில் அதனைக் கையாண்டார். சீர்திருத்த மரபினர் 1853-ல் நிறுவிய ஆற்காடு மிஷனின் வழிவந்த சபைகள் வேலூரிலும், மிசௌரி லுத்தரன் மிஷனின் வழிவந்த சபைகள் ஆம்பூரிலுமாக அருகருகே வாழும் நம் வட்டாரத்திற்கு இதைவிடப் பொருத்தமான முதற்பாடம் கிடைப்பது அரிது.

பயிலும் முறையையும் சொல்லவேண்டும். நான்கு குரல்களையும் ஒருங்கே தாக்குவது மலையை முட்டுவதாகும். முதல் வாரம் மேற்குரலும் அடிக்குரலும் மட்டும். இவ்விரண்டு இருந்தாலே சபை பாடும். பின்னர் ஆல்டோவைத் தனியே பாடிப்பார்த்து வலக்கையில் சேர்க்கவேண்டும், டெனர் கடைசியில். இளம் இசையாளர் பாடகர் குழுவில் நடுக்குரல்களைப் பாடவேண்டும் என்று ஷூமனே அறிவுரை எழுதியிருக்கிறார்.

கோரலோடு பாக்கின் சிறு உருப்படிகளும் சேரவேண்டும். அன்னா மக்தலேனாவின் 1725-ம் ஆண்டுக் குறிப்பேட்டிலுள்ள ஜி மேஜர் மினுவெட்டையே அனைவரும் வாசிக்கின்றனர். அது பாக் இயற்றியதன்று, கிறிஸ்டியன் பெட்ஸோல்டு இயற்றியது என்று 1970-களில் தெளிவாயிற்று. அதனால் அதன் இனிமை குறைந்துவிடவில்லை! அதன்பின் 1723-ல் பாக் தொகுத்த 15 இருகுரல் இன்வென்ஷன்களுள் முதலாவது. இரு கைகளும் சமமாகப் பேசும் இவ்விசை, சொனட்டினா கற்பிக்காததைக் கற்பிக்கும்.

இனி, நமது கீர்த்தனைகள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் கர்நாடக இராகங்களில் தந்த செல்வத்தை, மேனாட்டுப் பாடத்தை முடித்த பிள்ளைகள் மூன்று சுரக்கூட்டுகளால் மூடிவிடுகின்றனர். சங்கராபரணம் மேஜர் வரிசையோடு ஒத்திருப்பதால் ஓரளவு தாங்கும். மோகனம் தாங்காது. அதில் மத்திமமும் நிஷாதமும் இல்லை; நான்காம் சுரக்கூட்டு மத்திமத்தையும் ஐந்தாம் சுரக்கூட்டு நிஷாதத்தையும் வலிந்து நுழைக்கின்றன. மாயாமாளவகௌளையில் நிலைமை இன்னும் மோசம். இராகத்தின் ரிஷபம் சுத்த ரிஷபம். ஐந்தாம் மேஜர் சுரக்கூட்டு கேட்பதோ சதுசுருதி ரிஷபம். பாடுகிறவர் ஒன்றும் வாசிக்கிறவர் ஒன்றுமாக அரை சுர இடைவெளியில் மோத, சபை குழம்பி அடங்குகிறது. பின்னர் “இக்காலத்தவர்க்குக் கீர்த்தனை பிடிக்கவில்லை” என்று மூப்பர் கூட்டத்தில் நாமே பேசிக்கொள்கிறோம்.

கீர்த்தனைக்கு இடக்கையில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் நிற்கட்டும்; வலக்கை மெட்டை வாசிக்கட்டும். கமகம் கட்டைகளில் வராது; அதைப் பாடுகிறவரிடம் விட்டுவிடுவதே மரியாதை. நன்கு பாடும் முதியவர் ஒருவரை அருகில் அமர்த்தி, மாதம் ஒரு கீர்த்தனையாகப் பயில்வது எந்த அச்சிட்ட நூலினும் மேலானது. அத்தகைய முதியோர் குறைந்துவருகின்றனர். இதில் தாமதிக்க இடமில்லை. மிசிரசாபு போன்ற ஏழெண்ணிக்கைத் தாளங்களை அப்போது கைதட்டியே கற்கவேண்டும்.

ஒன்று எஞ்சியுள்ளது. கீர்த்தனையைத் தொடங்குகிறவர் தம் குரலுக்கேற்ற சுருதியில்தான் தொடங்குவார். ஆதலால் ஒவ்வொரு மெட்டையும் ஒரு கட்டை, இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டை ஆகிய மூன்றிலும் வாசிக்கப் பழகுவது, செர்னியின் பத்துப் பக்கங்களுக்கு ஈடாகும். சுருதியை மாற்றும் பொத்தான் இருக்கிறதே என்று மாணவர் கேட்பர். கிராமத்து ஆலயத்தில் மின்சாரம் போய், மூலையிலிருக்கும் பழைய ஆர்மோனியத்தைத் துடைத்து வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை நாம் பல கண்டிருக்கிறோம்.