குழியும் வழியும்

கோல்ஃப் ஆட்டத்தைத் தமிழில் குழிப்பந்தாட்டம் என்று வழங்குவர். பெயர் எளியது, பொருளும் எளிதில் விளங்கும். ஆயினும் அது ஆட்டத்தின் முடிவை மட்டுமே சுட்டுகிறது. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பது 1891ஆம் ஆண்டு விதியில் வரையறுக்கப்பெற்றது. எல்லாத் திடலுக்கும் அளவு ஒன்றே. திடலுக்குத் திடல் வேறுபடுவது குழியன்று. குழிக்குச் செல்லும் வழியே. அவ்வழியை வகுப்பது ஒரு கலை. கலையெனின் அதற்குத் திறனாய்வும் வேண்டும்.

அதே 1891இல்தான் சிங்கப்பூரில் இவ்வாட்டத்திற்கெனச் சங்கம் தோன்றிற்று. சிராங்கூன் சாலையை அடுத்த பழைய குதிரைப் பந்தயத் திடலில், இன்றைய ஃபேரர் பார்க்கில், ஒன்பது குழிகளுடன் ஆட்டம் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1988இல், தீவின் மேற்கே துவாஸ் அருகில் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் அமைந்தது. தெங்கே நீர்த்தேக்கத்தின் ஓரம் பாம், லேக் எனப் பதினெட்டுக் குழித் திடல்கள் இரண்டு. வகுத்தவர் அமெரிக்கரான இளைய ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ்.

இவ்வாட்டத்தின் தாயகம் ஸ்காட்லாந்தின் கடற்கரைப் புல்வெளி. தமிழ் மரபில் சொன்னால், நெய்தலும் முல்லையும் மயங்கிய நிலம். அங்கே மணல் இயற்கை, காற்று இயற்கை, நிலம் வறண்டு இறுகியிருப்பதால் பந்து நெடுந்தொலைவு உருண்டோடும். துவாஸ் நிலமோ வேறு. கழிமுகத்தை அணையிட்டு, உவர்நீரை நன்னீராக்கி, 1981இல் நிறைவெய்திய திட்டத்தின் பயன் தெங்கே நீர்த்தேக்கம். நெய்தலை மருதமாக்கிய இடம் அது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாட்டில் பந்து உருள்வதினும் பறப்பதே மிகுதி. ஆகவே இங்கு மணற்பள்ளம் இரவற்பொருள், நீரே சொந்தப்பொருள். நீரைத் துணைகொள்ளும் அமைப்பே இந்நிலத்துக்கு உண்மையானது.

திடலமைப்பில் மூன்று நெறிகள் கூறுவர். தவறியவனைத் தண்டிப்பது ஒன்று. பல வழிகளுள் ஒன்றைத் தேரச் செய்வது மற்றொன்று. துணிந்தவனுக்குப் பெரும்பயன் தந்து, அஞ்சியவனுக்குச் சுற்றுவழி காட்டுவது மூன்றாவது. இதனை வீரநெறி என்பர். இந்நெறியைப் பெரிதும் வளர்த்தவர் ஜோன்ஸின் தந்தையாரான மூத்த ஜோன்ஸ். கரை சாய்வாக வளைந்து செல்லுமிடத்தில், நீரை எவ்வளவு தொலைவு தாண்டுவது என்பதை ஆடுபவனே முடிவு செய்கிறான். ஏரியோரத் திடலுக்கு இதனினும் பொருந்திய நெறி இல்லை.

வழிப்போக்கராக வந்து ஒருமுறை ஆடுபவர்க்கும், வாரந்தோறும் ஆடுபவர்க்கும் ஒரே திடல் இன்பம் தரவேண்டும். முதற்பார்வையில் வழி தெரிய வேண்டும். பத்தாம் முறையில் புதுவழி தோன்ற வேண்டும். நல்ல செய்யுளுக்கும் இதுவே இலக்கணம். படித்த அளவில் பொருள் விளங்காததும், விளங்கிய அளவில் தீர்ந்துபோவதும் குறைகளே.

இவ்வளவுகோலைக் கொண்டு துவாஸ் திடலை இனி எவரும் அளக்க இயலாது. கோலாலம்பூர் விரைவு ரயிலுக்கும் பிற ரயில் தேவைகளுக்குமாக அதன் 143 ஹெக்டேர் நிலம் எடுக்கப்படுமென 2017இல் அரசு அறிவித்தது. 2018இல் சங்கம் மூடப்பட்டது. அவ்விரைவு ரயில் உடன்பாடோ 2020ஆம் ஆண்டின் முடிவோடு கைவிடப்பட்டது. எனினும் நிலம் வீணாயிற்று என்பது பொருந்தாது. அதன் ஒரு பகுதியில் ரயில் வண்டிகளைச் சோதிக்கும் நிலையம் எழுந்தது. இடம் சுருங்கிய நாட்டில், சிலர் ஆடும் புல்வெளியினும் பலர் ஏறும் வண்டிக்கு முதலிடம் தருதல் முறையே.

வருந்தத்தக்கது நிலம் போனதன்று. நிலத்தில் எழுதிய கலை குறிப்பின்றிப் போவதே. மறைந்த தமிழ் நூல்கள் பல உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களால் மட்டுமே இன்று அறியப்படுகின்றன. உரை இல்லையெனில் பெயரும் எஞ்சாது. குத்தகைக் காலத்துக்குக் கட்டுப்பட்ட பிற திடல்களுக்கும் முடிவு வரலாம். அவை இருக்கும்போதே, எக்குழியில் எவ்வளவு அடித்தனர் என்ற கணக்கோடு நில்லாமல், எவ்வழி ஏன் அவ்வாறு வளைந்தது என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். குழி எங்கும் ஒன்றே. வழியைத்தான் வரலாறு இழக்கிறது.