ரொட்டி சுட்டவரும் குலவரலாறும்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்பது நம்மவர் வழக்கு. ஜெர்மானிய இசைப் பேரறிஞர் யொஹான் செபாஸ்டியன் பாக், தம் குலத்தின் மூலத்தைத் தாமே தேடியவர். 1735-இல், தம் ஐம்பது வயதில், 'பாக் இசைக் குடும்பத்தின் தோற்றம்' எனப் பொருள்படும் ஏடு ஒன்றை அவர் தொகுத்தார். அதில் 53 பேர் எண்ணிட்டு நிறுத்தப்பட்டுள்ளனர். முதலெண் பெற்றவர் பிரபுவும் அல்லர், குருவும் அல்லர். ஃபைட் பாக் என்னும் ரொட்டி சுடும் தொழிலாளர்.

ஏடு கூறும் செய்தி சுருக்கமானது. ஃபைட் ஹங்கேரியில் வெள்ளை ரொட்டி சுட்டு வாழ்ந்தார். லூத்தர் வழிச் சமயத்தைப் பின்பற்றியமையால், பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. விற்க முடிந்த உடைமைகளை விற்றுவிட்டு ஜெர்மனிக்குப் பெயர்ந்தார். துரிங்கியாவில், கோத்தா நகரை அடுத்த வெக்மார் என்னும் சிற்றூரில் குடியமர்ந்து பழைய தொழிலையே தொடர்ந்தார். மாவு அரைக்கச் செல்லும்போது சிறு நரம்புக் கருவி ஒன்றையும் உடன்கொண்டு போய், ஆலை ஓடும் ஓசையோடு சேர்த்து மீட்டுவார். ஆலையே அவருக்குத் தாளம் பயிற்றியிருக்கும் என்று நகைச்சுவையோடு கூறும் பாக், தம் குலத்தின் இசை நாட்டம் அங்கே தோன்றியதாகக் கருதுகிறார்.

இனிய செய்திதான்; எனினும் இனிமை வேறு, சான்று வேறு. ஃபைட், பாக்கின் பாட்டனாருக்குப் பாட்டனார். ஆகவே எழுதியவர் கேட்டு எழுதினாரேயன்றிக் கண்டு எழுதினாரல்லர். ஏட்டின் மூலப்படியும் இன்று இல்லை. மகன் கார்ல் பிலிப் எமானுவேல் சில குறிப்புகளைச் சேர்த்து, வரலாற்றாசிரியர் ஃபோர்க்கலுக்கு அனுப்பிய படியின் வாயிலாகவே அது நமக்கு எட்டியுள்ளது.

ஃபைட்டின் மகன் ஹான்ஸ் பற்றிய பகுதியில் சிக்கல் எழுகிறது. ஹான்ஸ் முதலில் தந்தையின் தொழிலைக் கற்றுப் பின்னர்க் கோத்தா நகர இசைஞரிடம் மாணாக்கரானார். அவ்வாசிரியர் கிரிம்மென்ஸ்டைன் கோட்டையின் கோபுரத்தில் வாழ்ந்தார். கோட்டை இடிபட்டுத் தந்தையும் இறந்தபின், ஹான்ஸ் வெக்மாருக்கு வந்து மணம் செய்து சொத்தை ஏற்றார் என்கிறது ஏடு. இடிபட்ட ஆண்டுக்கு முதல் இரண்டு இலக்கங்களே உள்ளன. மற்ற இரண்டும் எழுதப்படவில்லை. நாட்டு வரலாறு அதனை நிரப்புகிறது: கோட்டை தகர்க்கப்பட்டது 1567-இல். வெக்மார் தேவாலயப் பதிவேடோ, ஃபைட் பாக்கின் மறைவை 1619-இல் குறிக்கிறது. ஹான்ஸின் மக்கள் மூவர் 1604, 1613, 1615 ஆகிய ஆண்டுகளில் பிறந்தவர்கள். தந்தை மறைந்தபின் மணந்தவருக்கு, அம்மறைவுக்கு முன்பே மூன்று மக்கள் பிறந்தது எங்ஙனம்? பதிவேட்டின் ஃபைட் வேறொருவராதல் வேண்டும். அன்றேல், குடும்ப நினைவு இரு தலைமுறைச் செய்திகளை ஒன்றாக்கியிருத்தல் வேண்டும். இரண்டு கூற்றும் உள்ளபடியே ஒருங்கு நிற்கமாட்டா.

பின்வந்தோர் கைச்சரக்கும் சேர்ந்தது. ஃபோர்க்கல் 1802-இல் வெளியிட்ட நூலில் ஃபைட்டைப் பிரெஸ்பர்க் நகரத்தவர் என்றார். ஏட்டிலோ ஹங்கேரி என்னும் நாட்டுப்பெயர் மட்டுமே உண்டு.

ஏட்டின் பார்வையும் குறுகியதே. எண் பெற்ற 53 பேரும் ஆடவர். ஃபைட்டின் மனைவி யார், அவர் ரொட்டியை வாங்கியவர் யாவர் என்பன அங்கே இடம்பெறவில்லை. இசையைத் தேடிச் சென்றவர், இசைக்கு வேண்டிய அளவே அத்தொழிலாளரைக் கண்டார்.

இக்குறைகளால் ஏடு தள்ளத்தக்கதாகிவிடாது. குலமுறை கிளத்துவோர் முன்னோரை உயர்த்திக் கூறுதல் உலகியல்பு. பாக்கோ, அடுப்படியில் உழைத்தவரை மறைக்காமல் முதலிடத்தில் வைத்தார். அறியாத ஆண்டை ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாக விட்டதும் அவ்வேட்டின் நேர்மையே. அந்த வெற்றிடந்தான் பிற்கால ஆய்வாளருக்குப் பிழையைக் காட்டும் வாயிலாயிற்று. பொய்யாண்டு ஒன்று எழுதப்பட்டிருப்பின் அவ்வாயில் அடைபட்டிருக்கும். முன்னோர் கதையை மாணவருக்குச் சொல்லித் தரும் ஆசிரியர், கதையை அன்போடும் ஆண்டுகளை ஐயத்தோடும் அணுகக் கற்பித்தல் வேண்டும்.