கணிப்பொறி பேசும் தமிழ்

கணிப்பொறியின் இயங்குதளம் நம்மிடம் சொல்லும் செய்திகளைத் தமிழாக்கும் பணியை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி லினக்ஸ் ஆர்வலர் சிலர் ஊதியம் கருதாது மேற்கொண்டனர். பின்னர் மைக்ரோசாப்ட் நிறுவனமும் விண்டோஸுக்குத் தமிழ் முகம் தந்தது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா (1935–2008), கணிப்பொறியைத் தமிழில் விளக்கி எழுதி வாசகரை முன்பே ஆயத்தம் செய்திருந்தார்.

சொற்களில் குறை காண நாம் விரும்பவில்லை. 'கோப்பு' நன்றாகவே பொருந்துகிறது. அரபியிலிருந்து வந்து நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்ட 'ரத்து' என்பதையும் விலக்காது எடுத்துக்கொண்டனர். ஸலாத்துக்குத் தொழுகை என்றும் ஸவ்முக்கு நோன்பு என்றும் வழங்கிய நம் முன்னோரும் புழக்கத்திலிருந்த சொல்லையே நாடினர். குறை இலக்கணத்தில் இருக்கிறது.

ஆங்கில வாக்கியத்தில் பெயருக்கான இடத்தை வெற்றிடமாக விட்டு எழுதுகிறார்கள். இயங்கும்போது கணிப்பொறி அதனை நிரப்புகிறது. 'உறையூர்' என்னும் கோப்புறையிலுள்ளதை 'ஸ்ரீரங்கம்' என்பதற்கு மாற்றினால், திரையில் "உறையூர் இலிருந்து ஸ்ரீரங்கம் க்கு" என்று வந்து நிற்கும். சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் சிறுபிள்ளைகூட "ஸ்ரீரங்கத்துக்கு" என்றல்லவா கேட்கும்!

எண்ணிக்கைக்கு மட்டும் வழி செய்திருக்கிறார்கள். 1995-இல் வெளிவந்த குனு கெட்டெக்ஸ்ட் என்னும் கருவியில், பின்னாளில் ஒவ்வொரு மொழியும் தன் பன்மை விதியைக் குறிக்க இடமளிக்கப்பட்டது. அரபிக்கு அதில் ஆறு வடிவங்கள்! இன்மை, ஒன்று, இரண்டு, மூன்று முதல் பத்து, பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது, ஏனையவை. மதரஸாவில் நஹ்வு ஓதியவர்க்கு இது பழகிய பாடமே: மூன்று முதல் பத்து வரை பெயர் பன்மையாகும், பதினொன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒருமைக்குத் திரும்பும். தமிழுக்கு இரண்டு வடிவங்களே போதும். 'ஐந்து மரம்' என்றாலும் பிழையில்லை. ஆனால் வேற்றுமை உருபுக்கு அக்கருவியில் இத்தகைய ஏற்பாடு இல்லை.

மற்றொன்று, யார் யாரிடம் பேசுகிறார் என்பது. 'சேமி' என்பது நாம் பொறிக்கு இடும் கட்டளை, ஒருமை தகும். கடவுச்சொல்லைக் கேட்பதோ பொறி. அது 'இடுக' என்றோ 'இடுங்கள்' என்றோ கேட்க வேண்டும். ஆங்கில வினை இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. திரையைக் காணாமல் வாக்கியப் பட்டியலை மட்டும் வைத்துப் பெயர்ப்பவர், முதியவர் ஒருவரைப் பொறி "உள்ளிடு" என்று அதட்டும்படி செய்துவிட நேர்கிறது. "சேமிக்கவா?" என்ற வினாவின் கீழே "ஆம், இல்லை" என்று எழுதுவதும் அவ்வகையே. வேண்டாம் என்பதை எவர் இல்லை என்பார்?

பெரிய கடை வீதி வணிகரும் நம் வீட்டுப் பெண்மணிகளும் கைபேசியில் ஓரிரு நாள் தமிழை வைத்துப் பார்த்துவிட்டு, புரியவில்லையென்று ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகின்றனர். பழியோ தமிழின்மேல் விழுகிறது. பரிகாரம் பெரிதன்று. வெற்றிடத்தை அடுத்து 'என்ற' எனும் சொல்லை இட்டு, "ஸ்ரீரங்கம் என்ற கோப்புறைக்கு" என்றால் உருபு தன் இடத்தில் அமையும். பெயர்ப்பவர் கையில் பட்டியலோடு திரையின் படத்தையும் கொடுத்துவிட்டால், 'இடுக' எது, 'இடு' எது என்பதை அவரே கண்டுகொள்வார்.