ஆறு மீட்டர் வீடு, மூன்று டிகிரி வால்வு

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்று ஒரு சாலை உண்டு. 14 கிலோமீட்டர், ஒருவழிப் பாதை. தாதுக்கள் கலந்து பச்சையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிறம் மாறிக் கிடக்கும் மலைச்சரிவுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும். 25 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அங்கே அனுமதி கிடையாது. குடும்பத்துக்கு வசதி வேண்டும் என்று 30 அடி மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்து வந்தவர்கள் அந்த மலைகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். வின்னபேகோ சோலிஸ் 59பி என்ற கேம்பர் வேன் சுமார் ஆறு மீட்டர், அதாவது இருபது அடிக்குள். தயங்காமல் உள்ளே நுழைந்துவிடும்.

1,669 மீட்டர் உயரத்தில் இருக்கும் டான்டேஸ் வியூ முனைக்கு ஏறும் சாலையிலும் அதே 25 அடிக் கட்டுப்பாடு. தெற்கே ஜோஷுவா ட்ரீ பூங்காவில் ஹிடன் வேலி, ஒயிட் டேங்க் முகாம்களிலும் அதே கணக்கு. பாறைகளுக்கு இடையே ஒதுங்கிக் கிடக்கும் அழகான இடங்களை இந்தப் பூங்காக்கள் சிறிய வண்டிகளுக்கு என்றே வைத்திருக்கின்றன. அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவனங்களுக்குக் கேம்பர் வேனில் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். நான்கு பேர் அந்த ஆறு மீட்டருக்குள் டிசம்பர் இரவை எப்படிக் கழிப்பது என்பதில்தான் வேனின் குணம் தெரியும்.

வின்னபேகோ அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் 1958இல் தொடங்கிய நிறுவனம். சோலிஸ் 2019இல் வந்தது. அடியில் இருப்பது ரேம் ப்ரோமாஸ்டர், ஐரோப்பாவில் ஃபியட் டுகாட்டோவாக ஓடும் வண்டியின் அமெரிக்க வடிவம். 3.6 லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின், சுமார் 280 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். பின்சக்கரத்துக்குத் தண்டு ஓட வேண்டியதில்லை என்பதால் தரை தாழ்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளையும் தானாக ஏறி இறங்கலாம். உள்ளே அதிகபட்ச அகலம் 1.92 மீட்டர். வேன்களை வீடாக மாற்றுபவர்கள் ப்ரோமாஸ்டரைத் தேடிப் போவதற்கு இந்த அகலமும் நெட்டுக்குத்தான பக்கச் சுவர்களும்தான் காரணம். பின்புறப் படுக்கையைப் பகலில் மடித்து நிறுத்திவிட்டால் அந்த இடம் சைக்கிளுக்கும் பெட்டிகளுக்கும் ஆகும். கூரை மேலே எழும்பும்; அங்கே இன்னொரு படுக்கை, இரண்டு பேருக்கு.

ஓட்டுவதற்கு இது லாரியும் இல்லை, காரும் இல்லை. டெத் வேலியின் ஸ்டோவ்பைப் வெல்ஸ் கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே 190ஆம் நெடுஞ்சாலை முப்பது கிலோமீட்டருக்குள் 1,511 மீட்டர் உயரமுள்ள டவுன் பாஸ் கணவாய்க்கு ஏறிவிடும். அந்த ஏற்றத்தில் இன்ஜின் உறுமுகிறது, ஆனால் திணறவில்லை. கோடையில் ஏசியை அணைத்துவிட்டு ஏறுங்கள் என்று சாலையோரப் பலகைகள் கெஞ்சும். குளிர்காலத்தில் அந்தக் கவலை இல்லை. இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். தண்ணீரும் எரிவாயுவும் சாமானும் ஏற்றிய வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி இறக்கக் கூடாது. கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்க வேண்டும். லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் கிடைத்தால் திருப்திப்பட வேண்டிய வண்டி இது. டேங்க் 90 லிட்டர் அளவு என்பதால் தூரம் பிரச்சினை இல்லை. ஆனாலும் பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் விலை கண்ணைக் கட்டும். வெளியே நிரப்பிக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம்.

டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலையில் 56.7 டிகிரி பதிவானது. உலகிலேயே பதிவான மிக அதிக வெப்பநிலையாக அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். அதே இடம் ஜனவரியில் பகலில் சுமார் 19 டிகிரி, இரவில் 4 டிகிரி. நடக்க, ஏற, உப்புத்தரையில் பிள்ளைகளை ஓடவிட இதைவிட நல்ல பருவம் இல்லை. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டரில் நின்று நிமிர்ந்தால், 3,366 மீட்டர் டெலஸ்கோப் சிகரம் பனி போர்த்தி நிற்பது தெரியும். ஆனால் பூங்காவுக்குப் பூங்கா உயரம் மாறுகிறது. ஜோஷுவா ட்ரீயின் ஜம்போ ராக்ஸ் முகாம் 1,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது; அங்கே டிசம்பர் இரவு உறைநிலைக்கே இறங்கும்.

இங்கேதான் ட்ரூமா காம்பி வருகிறது. அறையைச் சூடாக்குவதும் குளிக்க வெந்நீர் தருவதும் ஒரே பெட்டிதான். புரொப்பேன் வாயுவில் எரியும். உள்ளே 10 லிட்டர் தண்ணீர் நிற்கும். சத்தம் குறைவு, சூடு சீராகப் பரவுகிறது. தெர்மோஸ்டாட்டில் 16 டிகிரி வைத்துவிட்டுப் படுத்தால் கீழே உறங்குபவர்களுக்குக் குறை ஒன்றும் இருக்காது. அதோடு சேர்ந்த ஒரு சின்ன வால்வைத்தான் புதிதாக வேன் எடுப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சுற்றியுள்ள வெப்பம் 3 டிகிரி அளவுக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து, ஹீட்டரில் உள்ள தண்ணீரை வண்டிக்கு அடியில் கொட்டிவிடும். நீர் உறைந்து தொட்டி வெடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு, மின்சாரம்கூடத் தேவையில்லை. திரும்ப மூட வேண்டுமானால் கையால்தான் மூட வேண்டும், அதுவும் வால்வு 7 டிகிரியைத் தாண்டிச் சூடான பிறகு.

நல்ல யோசனைதான். ஆனால் எரிவாயுவை மிச்சப்படுத்தலாம் என்று நள்ளிரவில் ஹீட்டரை அணைத்துவிட்டு, தண்ணீர் பம்ப்பை அணைக்க மறந்துபோனால் என்ன ஆகும்? வால்வு திறக்கும், ஹீட்டர் காலியாகும், பம்ப் விடாமல் தள்ளும், நன்னீர்த் தொட்டியும் சேர்ந்து மணலுக்குப் போகும். ஜம்போ ராக்ஸில் குழாயே கிடையாது. ஜோஷுவா ட்ரீயின் ஒன்பது முகாம்களில் பெரும்பாலானவற்றில் இதே நிலைமை. காலையில் பல் துலக்கத் தண்ணீருக்காகப் பூங்காவின் விளிம்பு வரை வண்டியை ஓட்ட வேண்டும். படுக்கப் போகும்முன் பம்ப் ஸ்விட்சைப் பார்ப்பதைப் பிள்ளைகளில் ஒருவரின் வேலையாகவே ஆக்கிவிடலாம்.

ஹீட்டர் எரிவாயுவில் எரிந்தாலும் காற்றைத் தள்ளும் விசிறி பேட்டரியில்தான் சுற்றுகிறது. ஃபிரிட்ஜ், விளக்கு, பம்ப், இரண்டு பிள்ளைகளின் டேப்லெட் எல்லாமே அதே பேட்டரியை நம்பித்தான். சோலார் இருக்கிறதே என்று கேட்கலாம். டெத் வேலியில் டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியனே தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் தட்டையாகக் கிடக்கும் தகட்டுக்கு அப்போதும் நேர் வெயிலில் பாதிதான் கிடைக்கும். பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அதிலும் இருபக்க மலைகள் காலையையும் மாலையையும் விழுங்கிவிடும். பாலைவனம் என்றால் சோலார் பொழியும் என்ற நினைப்பு ஜூலைக்குப் பொருந்தும். ஜெனரேட்டரை நம்புவதும் சிரமம். ஜோஷுவா ட்ரீயில் நாளின் சில மணி நேரங்களில் மட்டுமே ஓட்டலாம். டெத் வேலியின் டெக்சஸ் ஸ்பிரிங் முகாமில் அறவே கூடாது. இந்த வேனுக்கு ஏற்ற வழி, தினமும் கொஞ்சம் ஓட்டுவது. ஆல்டர்னேட்டர் நிரப்பிக் கொடுக்கும். ஒரே இடத்தில் மூன்று நாள் அசையாமல் கிடக்க விரும்பும் குடும்பம், ஃபர்னஸ் க்ரீக்கில் மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்பு மூன்றும் உள்ள சில இடங்களில் ஒன்றை மாதக்கணக்கில் முன்னால் பதிவு செய்வது நல்லது. ஜோஷுவா ட்ரீயின் எந்த முகாமிலும் அப்படி இணைப்பு இல்லை.

எழும்பும் கூரையைப் பற்றிப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் வேனே. டெத் வேலிக்கு 2013இல் சர்வதேச இருண்ட வானப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. டிசம்பர் நடுவில் ஜெமினிட் விண்கல் மழையைப் படுத்தபடியே, துணிச் சன்னலின் ஜிப்பைத் திறந்து பார்க்கலாம். பெற்றோர் பார்ப்பது அந்தத் துணியை. சுவர் என்று இருப்பது ஒரு கூடாரத் துணிதான். ஹீட்டரின் சூடு மேலே ஏறி, அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். கீழே போர்வை போதும், மேலே உறைநிலைக்குக் கீழும் தாங்கும் தூக்கப் பை வேண்டும். குளிரைக்கூடச் சமாளிக்கலாம், காற்றைச் சமாளிக்க முடியாது. 2024 பிப்ரவரியில் பெய்த மழையில் பேட்வாட்டரில் மேன்லி ஏரி மறுபடி பரந்து கிடந்தது. அந்த மாதக் கடைசியில் மணிக்கு 64 கிலோமீட்டர் அளவில் விடாமல் அடித்த காற்று அந்த ஏரியையே மூன்று கிலோமீட்டர் வடக்கே தள்ளிவிட்டது. அப்படிப்பட்ட இரவில் கூரையை இறக்கித்தான் ஆக வேண்டும், பிள்ளைகளின் படுக்கையும் அதோடு போய்விடும். நால்வரும் கீழே எப்படிப் படுப்பது என்பதை வாடகைக்குக் கொடுப்பவரின் முற்றத்திலேயே ஒருமுறை படுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

வறண்ட பாலைவனம் என்றாலும் காலையில் கண்ணாடிகளில் நீர் வழியும். மூடிய பெட்டிக்குள் நான்கு பேரின் மூச்சும், அடுப்பில் கொதித்த பாஸ்தாவும் சேர்ந்த ஈரம் அது. கூரை விசிறியைச் சற்றே திறந்து வைத்தால் குறையும். சமையலை முடிந்தவரை வெளியே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எரிவாயு அடுப்பைக் குளிர்காய மட்டும் எரிக்கவே கூடாது.

தார்ச்சாலையை விட்டு இறங்கினால் வேனின் எல்லை தெரிந்துவிடும். முன்சக்கர இயக்கத்தில், சரளை ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் பிடி இழக்கும். அடித்தளமும் தரைக்கு அருகில். டெத் வேலியின் ரேஸ்டிராக் பிளாயாவில் கற்கள் தானாக நகர்ந்து தடம் பதிக்கும் மர்மம் குளிர்காலத்தின் வேலைதான். தேங்கிய நீரின்மேல் படியும் சில மில்லிமீட்டர் பனிப்படலம் உடைந்து, இளங்காற்றில் மிதந்து, கற்களைத் தள்ளுகிறது என்பதை 2013 டிசம்பரில் ஆய்வாளர் ரிச்சர்ட் நாரிஸின் குழு நேரிலேயே கண்டது. பிள்ளைகளுக்குக் காட்டத் துடிப்பீர்கள். ஆனால் அங்கே போகும் 43 கிலோமீட்டர் பாதை, டயரைக் கிழிக்கும் கூர்ங்கற்கள் நிறைந்தது. வாடகை ஒப்பந்தங்களும் பொதுவாக மண்சாலையைத் தடுக்கும். அந்தப் பாதை பிரியும் இடத்தருகே யூபிஹீபி எரிமலை வாய் வரை தார்ச்சாலை இருக்கிறது; வேனுக்கு அதுவே எல்லை.

கிழக்கே தொடர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசோனாவின் சகுவாரோவிலும், 2019இல் தேசியப் பூங்காவான நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலும் வண்டியை நிறுத்தி உறங்க முகாம் எதுவும் இல்லை. இரவுக்குப் பூங்காவுக்கு வெளியேதான் இடம் பார்க்க வேண்டும். டெக்சஸின் பிக் பெண்டில் அந்தச் சிக்கல் இல்லை. ரியோ கிராண்டே ஆற்றங்கரை முகாம் உயரம் குறைந்த இடம் என்பதால் இரவுக் குளிரும் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

புதிதாக வாங்க ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. வருடத்துக்கு ஒரு விடுமுறைக்காக அந்தப் பணத்தைப் போடுவது வீண், வாடகையே சரி. இரண்டு பெரியவர்கள் மட்டும் என்றால் குளிர்காலப் பாலைவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைப்பது அரிது, கூரையை எழுப்பும் தேவையே வராது. இரண்டு பிள்ளைகளோடு போகிறவர்கள் டிசம்பர் கடைசியைவிட பிப்ரவரிக் கடைசியைத் தேர்ந்தெடுக்கலாம். பகல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருக்கும், சோலார் தகட்டுக்கும் சூரியன் கிடைக்கும். கலிபோர்னியாவில் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பின் இருக்கையில் சைல்ட் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். அது இந்த வேனின் பின்பெஞ்சில் சரியாகப் பொருந்துகிறதா என்பதைப் பணம் கட்டும்முன் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 59பி ஆகாது. பயணத்தில் பெல்ட் போட்டு உட்கார இடம் நான்கு பேருக்குத்தான்.